கோமதியை வெளியே நிறுத்திவிட்டுப் போனவளுக்கு

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்காக எதையும் கூட்டமாட்டேன். என் மேல் தப்பு இருக்கிற இடத்தில் குறைக்கவும் மாட்டேன். இந்த ஒன்பது மாதத்தில் உன்னைப் பற்றி எல்லோரும் வேண்டிய அளவு பொய் சொல்லிவிட்டார்கள். நானும் சேர்ந்து சொல்ல வேண்டியதில்லை.

நம் நோட்டு இப்போது நூலகத்தில், நாம் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர மேசையில் திறந்து கிடக்கிறது. திறந்ததுமே உன் வீட்டு வாசம் அடித்தது. பாவு நூலுக்கு ஏற்றும் கஞ்சியும் தறிக்கு விடும் எண்ணெயும் கலந்த வாசம். எண்ணெய்க் கையோடு நோட்டைத் தொடாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். முப்பத்தோராம் பக்கத்தில் உன் கட்டைவிரல் ரேகை முழுசாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் விண்கலத்தின் எடையைக் கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். ஓர் எண்ணை இன்றுவரை படிக்க முடியவில்லை. கேட்டதற்கு நீ சொன்ன பதில், "எடைய யாருட்டி நிறுத்துப் பாக்கப்போறா?"

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் இந்த நாவலைத் தொடங்கினோம். ஓர் அத்தியாயம் நான், அடுத்தது நீ. நாவலின் நாயகி தனியாக விண்கலம் ஓட்டுகிறவள். அவளுக்கு நல்ல பெயராக ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நீ அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூட இல்லை.

"கோமதின்னு வையி."

"நம்மூரு அம்மன் பேருன்னு நம்ம கிளாஸ்லயே நாலு கோமதி இருக்கா. ரத வீதில நின்னு கோமதின்னு கூப்புட்டா பாதிப் பேரு திரும்பிப் பாப்பாவ. வானத்துலயும் ஒரு கோமதியா?"

"அதான் சொல்லுதேன். இங்கன இருக்க கோமதி எல்லாம் புளியங்குடி தாண்டுனதில்ல. ஒருத்தியாவது மேல போவட்டும்."

நான் விட்டுக்கொடுத்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் எதையும் விட்டுக்கொடுத்ததே இல்லை என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். கலத்துக்குப் புன்னை என்று பெயர் வைத்தது மட்டும் நான். அதில் கோமதியைத் தவிர இன்னும் ஒரே ஓர் ஆள், சமையல்காரி மாடத்தி. அவள் உன்னுடைய ஆள். எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் பயப்படுகிற, ஆனால் சுழலும் கலத்துக்குள் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் புளிக்குழம்பு வைக்கிற மாடத்தி. விண்வெளியில் குழம்பு கரண்டியில் நிற்காது, மிதக்கும் என்று இரண்டு பக்கம் விளக்கி எழுதினேன். "மாடத்தி வச்சா நிக்கும்" என்று ஓரத்தில் கிறுக்கினாய்.

நோட்டின் உள் அட்டையில் நாம் கையெழுத்துப் போட்ட விதிகள் இருக்கின்றன. கோமதியை யாரும் வந்து காப்பாற்றக் கூடாது, அவளே வழி தேட வேண்டும். இது உன் விதி. எல்லாம் கனவு என்று முடிக்கக் கூடாது. இதுவும் உன்னுடையது. அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு விதி: முன்பு கதையில் சொல்லாத எதையும் சிக்கலைத் தீர்ப்பதற்காகத் திடீரென்று கொண்டுவரக் கூடாது. அதற்கும் கீழே, திருத்தும் உரிமை எனக்கு என்று போட்டிருக்கிறேன். சிவப்புப் பேனா என்னிடம் இருந்தது, அதனால் உரிமையும் என்னிடம் வந்தது. நீ அதற்கும் கையெழுத்துப் போட்டாய். படித்துப் பார்த்தாயா என்பது சந்தேகம்.

இனி அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். பதினான்காவது. உன் முறை.

கலத்தின் வெளிப்பக்கம் ஏதோ பழுது. கோமதி கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறாள். ஒரு கல் பறந்து வந்து கயிற்றை அறுக்கிறது. அவள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள். ரேடியோவும் உடைந்துவிட்டது. இருபது நிமிடத்துக்குத்தான் காற்று இருக்கிறது. வெளிக்கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். அது நான் மூன்றாம் அத்தியாயத்தில் பாதுகாப்புக்காக யோசித்து யோசித்து அமைத்த கதவு. நான்கு பிடிகள், வரிசை தப்பாமல் இழுக்க வேண்டும். தப்பினால் கலத்துக்குள் இருக்கும் காற்றெல்லாம் வெளியே போய்விடும். உள்ளே இருப்பதோ மாடத்தி. கோமதி கம்பியைப் பிடித்துப் பிடித்துச் சமையலறை ஜன்னல்வரை வந்துவிடுகிறாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மாடத்தியின் முகம். கோமதி கையை ஆட்டுகிறாள்.

அங்கே நீ எழுதிய கடைசி வரி: "மாடத்தியும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு நோட்டை என்னிடம் தள்ளினாய். மதியச் சாப்பாட்டு மணி அடித்து நாம் வேப்பமரத்தடியில் இருந்தோம். நான் படித்து முடிக்கும்வரை என் டிபன் பாக்ஸில் இருந்த உருளைக்கிழங்கு முழுவதையும் நீ தின்றுகொண்டிருந்தாய்.

"இது என்னட்டி முடிவு?"

"முடிவு இல்ல. ஒன் முறை."

"வழியே இல்லாம ஆக்கி வச்சிருக்க. நாலு பிடியும் வரிசையா இழுக்கணும்னு கண்ணாடிக்கு வெளிய தொங்கிக்கிட்டு எப்பிடிச் சொல்லுவா?"

"வழி இருக்கு. எனக்குத் தெரியும். நோட்டுக்குள்ளயேதான் இருக்கு. ஒனக்குத் தெரியுதான்னு பாக்கேன்."

"தெரியும்னா சொல்லித் தொலை."

"கணக்கு பாக்குறது நீ, கஷ்டம் குடுக்குறது நான். அப்பிடித்தான பேச்சு?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. உனக்கு வழி எதுவும் தெரியாது, சும்மா சொல்கிறாய் என்றுகூட மற்றப் பிள்ளைகளிடம் சொன்னேன். மூன்றாம் நாள் நீ பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சனிக்கிழமை உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அம்மா கேட்டாள். "திங்கக்கெழம அவளே வந்துருவா" என்று சொல்லி, கோமதிக்கு வழி தேடிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ வரும்போது வழியைக் கண்டுபிடித்து வைத்து உன் மூக்கை உடைக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நீ செவ்வாய்க்கிழமை போய்விட்டாய்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. "அமைதியும் அடக்கமும் நிறைந்த மாணவி" என்று படித்தார்கள். நான் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். நீ பேசினால் மூன்றாவது வகுப்பறையில் கேட்கும். தறி ஓடுகிற வீட்டில் பிறந்ததால் உனக்கு மெதுவாகப் பேசவே வராது. காதோடு ரகசியம் சொல்ல வந்தால் காது வலிக்கும். இந்த நூலகத்தில் மட்டும் உன்னால் நாம் எத்தனை முறை எழுப்பி வெளியே அனுப்பப்பட்டோம். அமைதியாம். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

இத்தனைக்கும் பிறகு நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பேன். ஆனால் நாம் நாவல் எழுதிய விஷயம் தமிழ் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி ஆண்டு மலரில் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் போடலாம், வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடு என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். முடிவையும் அவரே சொன்னார்.

"கோமதி கைய விட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே போயி நட்சத்திரத்தோட நட்சத்திரமா கலந்துட்டான்னு முடிச்சிரும்மா. கீழ உன் ஃப்ரெண்டு போட்டோ போட்டு அஞ்சலின்னு போடுவோம். படிக்கிறவங்க அழுதுருவாங்க."

"கோமதி கைய விடமாட்டா டீச்சர்."

"கதைதானம்மா."

"கதைலதான் டீச்சர் விடமாட்டா."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். இந்தப் பார்வை இருக்கிறதே, ஒன்பது மாதமாக எல்லோரும் எனக்குப் போடும் சீருடை மாதிரி ஆகிவிட்டது. "வேற முடிவு இருந்தா கொண்டு வா. இல்லேன்னா நான் சொன்னதப் போட்டுக்குவோம்" என்றார். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் வழி கிடைக்காவிட்டால் அச்சில் கோமதி செத்துப்போவாள், அதுவும் சிரித்துக்கொண்டே. உனக்குப் பிடிக்காத சாவு. என் தம்பி, வேற்றுக்கிரக ஆள் ஒருவன் வந்து கதவைத் திறந்துவிடட்டும் என்றான். விதியைப் படித்துக் காட்டி அனுப்பினேன்.

நோட்டுக்குள்ளேயே இருக்கிறது என்றாய். முதல் பக்கத்திலிருந்து நான்கு முறை படித்தேன். கோமதியின் பையில் இருந்த பொருள்களைப் பட்டியல் போட்டேன். கண்ணாடியில் எழுதலாம் என்றால் மாடத்திக்குப் படிக்கத் தெரியாது, அதுவும் உன் வேலை. கையைக் காட்டிச் சொல்லலாம் என்றால், வெறும் கையாட்டலில் எந்தப் பிடி, எப்போது, எவ்வளவு நேரம் என்று எப்படிப் புரியவைப்பது? மாடத்தி திரும்பத் திரும்பச் சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டே இருந்தாள். அவளைப் படைத்த உன்னை அப்போது நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும் உன் வீட்டுக்குப் போனேன். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. உன் ரஃப் நோட்டில் எங்காவது அந்த வழியை எழுதி வைத்திருப்பாயோ என்று ஒரு நப்பாசை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. கோயிலை ஆடிச்சுற்று சுற்றிவிட்டு வருகிற பெண்கள் விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்களைத் தாண்டி உன் தெருவுக்குள் திரும்பியதுமே தறிச் சத்தம்.

உன் அம்மா தறிக்கூடத்தில் இருந்தார்கள். எதிர்த் தறியில் பக்கத்து வீட்டு அக்கா. வாசலில் நின்று "அத்தை, அவ ரஃப் நோட்டு இருக்கா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார்கள். பிறகு கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினார்கள். பொறு. விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனார்கள். சாப்பிட்டாயா? நான் தலையாட்டினேன். அடுத்து எதிர்த் தறிப்பக்கம் திரும்பி இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்துப் பிரித்தார்கள். இழை அறுந்திருக்கிறது. மூன்று விரலைக் காட்டினார்கள், பிடியைத் தன் பக்கம் இழுப்பது போல் கையை இழுத்தார்கள், பிறகு வாசலைக் காட்டினார்கள். அந்த அக்கா மூன்றாம் தறியின் பிடியை இழுத்து அதை மட்டும் நிறுத்திவிட்டு, விரலைச் சுழற்றி, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஒரு வார்த்தை இல்லை. எந்தத் தறி, என்ன கோளாறு, எதை இழுக்க வேண்டும், யார் பார்த்துக்கொள்வது, எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது.

நான் வாசலிலேயே நோட்டை எடுத்து நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினேன். நான்கு முறை படித்தபோதும் நான் தாண்டிப்போன பக்கம் அது. ஏனென்றால் அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. என் கோடு. ஓரத்தில் என் குண்டு எழுத்தில்: "கதை நகரவில்லை. நீக்குக." கோட்டுக்கு அடியில் உன் எழுத்து அப்படியே இருந்தது. கோமதி தறிக்கார வீட்டுப் பெண். இயந்திர அறையில் இரைச்சல் தாங்காது. அதனால் கண்ணாடிச் சுவருக்கு இந்தப்பக்கம் இருக்கிற மாடத்திக்குத் தறிக்கூடத்துக் கைப்பேச்சு முழுவதையும் கற்றுக்கொடுக்கிறாள். உப்புக் குறைவு, அடுப்பை நிறுத்து, இன்னும் இரண்டு, மெதுவாக இழு, இப்போது விடு. ஒரு பக்கம் முழுக்க அதுதான். விண்வெளிக் கதையில் தறி எதற்கு என்று நான் அடித்தேன். அடித்த அன்று நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மூன்றாவது வகுப்பறைவரை கேட்கிற வாயை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய அன்று சும்மா இருந்துவிட்டு, பத்து அத்தியாயம் பொறுத்திருந்து கோமதியை அந்த ஜன்னலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

"ரஃப் நோட்டெல்லாம் பாத்துட்டேன் மக்கா. ஒண்ணும் எழுதி வைக்கல. படமாத்தான் போட்டு வச்சிருக்கா."

"வேண்டாம் அத்தை. கெடச்சிட்டு."

"என்னது கெடச்சிட்டு?"

சொன்னேன். கோமதி, மாடத்தி, கண்ணாடி, நான் அடித்த பக்கம், எல்லாம். அத்தை பாதியிலேயே கல்மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப அதுதானா" என்றார்கள். "ஆஸ்பத்திரில உள்ள விடல மக்கா. கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். அவளுக்கு மூக்கையும் வாயையும் சேத்து மாஸ்க் போட்டுருந்தாவ. பேச முடியாது. கையாலதான் பேசுனா. தண்ணி கேட்டா. அப்பா எங்கன்னு கேட்டா. கடைசில இப்பிடி ரெண்டு கையயும் விரிச்சு நோட்டக் கேட்டா. ஒங்கிட்ட இருக்குன்னு சொன்னேன். ஒடனே சிரிச்சா. ஒன்னையச் சொல்லி, தலையத் தொட்டு, கைய இப்பிடி விரிச்சா."

அத்தை அதைச் செய்து காட்டினார்கள். நெற்றிப்பொட்டைத் தொட்டு, விரல்களை விரித்துக் காற்றில் ஒரு விசிறல்.

"ஒனக்குத் தெரியலன்னு அர்த்தம். என்னது தெரியலன்னு எனக்கு இம்புட்டு நாளும் புரியல. ஒங்கிட்டக் கேக்கவும் பயம். நீ அழுவியோன்னு."

நான் அழவில்லை. அதாவது உடனே அழவில்லை. மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் படுத்துக்கொண்டு, அப்போதும் என்னைக் கேலி செய்திருக்கிறாயே என்றுதான் முதலில் தோன்றியது. உன் அம்மா கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றபோது, நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோமதிக்குக் காற்று எத்தனை நிமிடம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் ஒரே கையசைப்பில் சொல்லியிருப்பாய். எனக்குப் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

"இப்ப தெரிஞ்சிட்டு அத்தை" என்றேன். நெற்றிப்பொட்டைத் தொட்டுவிட்டு, கையை விரிக்காமல் முஷ்டியாக மடக்கிக் காட்டினேன். அப்படி ஒரு சைகை உண்டா என்று எனக்குத் தெரியாது. அத்தைக்குப் புரிந்தது. என் கையைத் திருத்தி, கட்டைவிரலை உள்ளே வைக்காமல் வெளியே வைக்கச் சொன்னார்கள்.

பிறகு அரை மணி நேரம் தறிக்கூடத்தில் நின்று, அத்தை கற்றுக்கொடுத்ததை எல்லாம் நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். இனி அந்தக் கைப்பேச்சில் எதையும் நானாகக் கற்பனை செய்யப்போவதில்லை.

இன்று வியாழக்கிழமை. பள்ளி விட்டு நேராக இங்கே வந்து பதினைந்தாம் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். முதலில் நான்காம் அத்தியாயத்துக்குப் போய், என் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் "இருக்கட்டும். நீக்கியது தவறு" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். அதைச் செய்யாமல் எழுதினால் என் விதியை நானே உடைத்ததாக ஆகும். கோமதி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினாள். ஒரு கை மட்டும் என்பதால் சில சைகைகளை இரண்டாக உடைத்துச் செய்ய வேண்டியிருந்தது. நான்காம் பிடியில் மாடத்தி பயந்து நின்றுவிட்டாள். "மெதுவாக இழு" என்று கோமதி மூன்று முறை காட்டினாள். கதவு திறந்தபோது காற்று இரண்டு நிமிடத்துக்கு மீதம் இருந்தது. சரிபார்த்துவிட்டேன், கணக்கு சரி. உள்ளே வந்த கோமதி முதலில் கேட்டது புளிக்குழம்பு. குழம்பு கரண்டியிலேயே நின்றது. அதை நான் திருத்தவில்லை.

டீச்சரிடம் நாளைக்குக் கொடுக்கும்போது, எழுதியவர் என்ற இடத்தில் இரண்டு பெயரும் வர வேண்டும், அஞ்சலி என்ற சொல் வரக் கூடாது, "அமைதி" என்ற சொல் எங்கேயுமே வரக் கூடாது என்று சொல்வேன். அவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நோட்டு நோட்டாகவே இருக்கட்டும். கோமதி உள்ளே வந்துவிட்டாள், அது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் அத்தியாயம் கதவோடு முடியவில்லை. கடைசிப் பத்தியில் கோமதியையும் மாடத்தியையும் சேர்த்து ஒரு பெரிய சிக்கலில் மாட்டி வைத்திருக்கிறேன். கீழே கோடு போட்டாகிவிட்டது. அடுத்த பக்கத்தில் பதினாறு என்று எண்ணை மட்டும் எழுதி, பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் முறை. வழி இருக்கிறது, எனக்குத் தெரியும், நோட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

நூலக அண்ணாச்சி அந்தக் கோடியில் நின்று என்னைப் பார்க்கிறார். மூடும் நேரம். நம்மைப் பார்த்து "உஷ்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியறியாத மனிதர். நான் கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினேன், அத்தை செய்தது போல. பொறுங்கள். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு ஒரு விரலைச் சுழற்றி, சரி, முடித்துவிட்டு வா என்றார். அவரும் தறிக்கார வீடுதான் போல. இத்தனை வருஷம் இங்கே வருகிறோம், இதுகூட நமக்குத் தெரியவில்லை பார்.

செய்தித்தாள் மேசைக்கு மேலே உள்ள விளக்கை அணைத்தார். அடுத்து அலமாரிப் பக்கம். இப்போது என் தலைக்கு மேலே உள்ளதையும் அணைத்துவிட்டார்.